தீட்ட வேண்டாத கத்தி

எங்கள் சித்தி புதுவாயல் கூட்ரோட்டில் மீன் விற்ற காலத்தில், எங்கள் சித்தப்பா அவளுக்கு நாலு கத்திகள் செய்து கொடுத்தார். சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா என் அப்பாவின் தம்பி. நாலு கத்திக்கும் நாலு விதமான இரும்பு. ஒவ்வொன்றையும் அவர் எங்கே தேடிப் பிடித்தார், அது எதற்கு உதவியது, எதில் கைவிட்டது என்பதையெல்லாம் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அந்த வயதில் கத்திதான் விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கத்தியைப் பற்றி எதையும் மறக்கவில்லை. அவர்கள் முகம் எப்படி இருந்தது, யார் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் இப்போது யோசித்து யோசித்துத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகச் சித்தியின் கடைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. கடை என்றால், நீலத் தார்ப்பாய் ஒன்றின் கீழே புளியமரக் கட்டை, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டிகள், ஒரு தராசு. சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும்போது வியாபாரம் சூடு பிடிக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள், ஆந்திராவிலிருந்து லாரியில் வரும் கட்லாவையும் ரோகுவையும் கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்குப் பழவேற்காட்டு மடவையும் சங்கராவும் வேண்டும். சித்திக்கு இந்தியில் கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். அத்தனையும் மீன் வெட்டும் வார்த்தைகள்.

அவள் புருஷன் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வந்து தங்கியவள், யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று மீன் கூடையைத் தூக்கினாள். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஃபிட்டர். கூட வேலை செய்பவர்களோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய மொபெட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டுக்கு மீன் வாங்கிப்போகக் கடைக்கு வந்து ஓரமாக நின்றிருந்தார். சரியான கூட்டம். சித்தி ஒரு பெரிய கட்லாவின் தலையைப் பிளக்கக் கத்தியை ஓங்கினாள். பஜாரில் வாங்கிய மலிவுக் கத்தி. அது எலும்பில் இறங்காமல் வழுக்கி, மீனைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கட்டையில் ஏற்கெனவே மீன் ரத்தம் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பாதான் பார்த்தார். ஐஸ் தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக் கழுவி, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். முடித்ததும் என்னைப் பார்த்து, "டாக்டருகிட்ட போலாமான்னு உங்க சித்திய கேளு" என்றார். சித்தி ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தே, "மஞ்சா வெச்சா ஆறிடும்னு சொல்லு" என்றாள்.

அப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். நாலு பேர் நடமாடும் ரோட்டோரத்தில், புருஷனை இழந்த சின்ன வயசுப் பெண்ணும் கல்யாணமாகாத ஆணும் நேருக்கு நேர் பேசுவதைவிட நடுவில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பேசுவதுதான் மரியாதை என்று இருவருக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. எனக்கோ, நான் இல்லாவிட்டால் இவர்கள் பேச்சுக்கு என்ன செய்வார்கள் என்று கவலையாக இருந்தது. ஜுரம் வந்து வீட்டில் படுத்திருந்த நாளில்கூட அந்தக் கவலைதான்.

கூட்டம் கலையாமல் நின்றது. சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். மில்லில் எந்த மெஷினையும் கழற்றி மாட்டுகிறவர், மீனிடம் தோற்றுப்போனார். ஒரு துண்டு விரல் பருமன், அடுத்த துண்டு செங்கல் பருமன். ஒடிசாக்காரர் ஒருவர் தன் மொழியில் ஏதோ சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்த சித்தி, மறு கையால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. சித்தப்பா கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கத்தியே இல்ல, தகரம். வேற செஞ்சி குடுக்கறேன்னு சொல்லு" என்றார்.

முதல் கத்தி செய்யும்போது என்னையும் மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனார். கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால் அவருடைய சிநேகிதர் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அங்கே போனதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்கள் மில்லில்தான் மலை மலையாகக் கம்பி கிடக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துச் செய்தால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, சுழலும் சாணைக்கல்லில் வைத்துக் காட்டினார். பொறி நீளநீளமாக, கோடு கிழித்த மாதிரி பறந்தது. பிறகு லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை வைத்தார். அந்தப் பொறி பாதி வழியில் வெடித்து, மத்தாப்பு மாதிரி பூப்பூவாகச் சிதறியது.

"கம்பி வளையணும். ஊடு ஆடுனா அதுவும் கூட ஆடணும், ஒடியக் கூடாது. அதுக்கு அந்த இரும்பு போதும். கத்தி அப்டி இல்ல. கூர் புடிச்சா புடிச்ச எடத்துல நிக்கணும்" என்றார்.

பட்டையைச் சிவக்கக் காய்ச்சித் தட்டி, எண்ணெயில் முக்கி, மறுபடி இலேசாகச் சூடு காட்டி எடுத்தார்கள். எண்ணெயில் முக்கியதோடு விட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம், கீழே விழுந்தாலே உடையுமாம். இரண்டாவது சூடுதான் அதன் கோபத்தைத் தணிக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். கத்தி கனமாக, கறுப்பாக, பார்க்கவே பயமாக இருந்தது.

சித்தி அதைக் கொண்டு கட்லாத் தலையை ஒரே போடில் பிளந்தாள். அடுத்த ஞாயிறு சித்தப்பா வந்ததும் முதல் கேள்வி என்னிடம்தான்: "சித்தி இன்னா சொல்லுது?" நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். தலைக்கு நல்லா இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க வெட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது. வஞ்சிரத்தை மெல்லிசாகத் துண்டு போட வரவில்லை. கொஞ்ச நேரம் ஈரமாக வைத்தாலே துரு ஏறி, வெள்ளை மீனில் கறுப்பாக ஒட்டுகிறது. குறைகளைக் கேட்டு அவர் வாடிப்போவார் என்று பயந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப தலைக்கு மட்டும் இத வெச்சிக்க சொல்லு. துண்டு போட வேற ஒண்ணு செய்யணும்" என்றார்.

இரண்டாவது கத்தி, மில்லில் இரும்பு அறுக்கிற மெஷினில் தேய்ந்துபோன ரம்பத் தகடு. சூப்பர்வைசரைக் கேட்டு வாங்கி வந்து, பல்லையெல்லாம் அரைத்துத் தள்ளிவிட்டுக் கூர் வைத்தார். இரும்பையே அறுக்கிற இரும்பு என்பதால் மீன் எம்மாத்திரம். வஞ்சிரம் வெற்றிலை மாதிரி விழுந்தது. வாரக்கணக்கில் கூர் மங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் வாடிக்கையாக வாங்கும் ஒருவர், காகிதத்தில் மடித்து ஒரு மீன் துண்டைக் கொண்டுவந்து கட்டைமேல் போட்டார். நடுமுள்ளில் அரிசி மணி அளவுக்கு இரும்புச் சில்லு பளபளவென்று குத்தி நின்றது. தன் குழந்தை வாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி கையெடுத்துக் கும்பிட்டு, வேறு மீன் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு அதற்குப் பிறகு யாரும் அவளிடம் மீன் வாங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், இதைச் சித்தப்பாவிடம் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

நானும் சொல்லவில்லை. அம்மாதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். சித்தப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். சாப்பாடு பாதியில் கிடந்தது. நேராகப் பின்பக்க அறை வாசலுக்குப் போய் நின்றார். நான் மொழிபெயர்க்க ஓடினேன். ஆனால் முதல் தடவையாக அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினார்.

"தப்பு என்னுது. அந்த இரும்பு கூருக்குத்தான் லாயக்கு, அடிக்குத் தாங்காது. எலும்பு பட்டா சில்லு போவும்னு சொல்லாம குடுத்துட்டேன்."

"எலும்பு மேல போட்டது நானு. கத்தி இன்னா பண்ணும்" என்றாள் சித்தி.

தப்பு என்னுடையது, இல்லை என்னுடையது என்று இருவரும் வெகு நேரம் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். நான் உள்ளே போய், சித்தியும் சித்தப்பாவும் சண்டை போடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். சண்டைக்கு ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது கத்திக்கு முன்னால் எனக்கு ஒரு காந்தம் கிடைத்தது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து சித்தப்பா கழற்றிக் கொடுத்தது. எவர்சில்வரிலேயே இரண்டு ஜாதி உண்டு என்றும், காந்தம் ஒட்டாதது துருப்பிடிக்காது, ஆனால் காய்ச்சி முக்கினாலும் இறுகாது, அதனால் தட்டுக்கும் டம்ளருக்கும்தான் ஆகும் என்றும், ஒட்டுகிற ஜாதியில்தான் கூர் நிற்கும் என்றும் சொல்லியிருந்தார். நான் அந்தக் காந்தத்தோடு வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் சோதித்தேன். அம்மாவுக்குக் கல்யாணச் சீராக அவள் பெரியப்பா கொடுத்த பெரிய குடத்தில் போய் அது டப்பென்று ஒட்டிக்கொண்டது. மட்ட எவர்சில்வர் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று அம்மா அந்தப் பெரியப்பாவைப் பல நாள் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே சித்தப்பா புதுக் கத்தியைக் கொண்டுவந்ததும் நான் செய்த முதல் காரியம் காந்தத்தை வைத்துப் பார்த்ததுதான். கத்தி வெள்ளி மாதிரி மின்னியது. கம்பெனி கேன்டீனில் கழித்துப்போட்ட மேசைத் தகட்டில் செய்ததாம். காந்தம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. நான் திடுக்கிட்டுப்போய், சித்தப்பா, இது கூர் நிற்காத ஜாதி ஆச்சே என்று கத்தினேன்.

"தெரியும். கூவாத" என்றார்.

சித்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கத்தியை வாங்கிக்கொண்டாள்.

நான் சொன்னது போலவே ஆயிற்று. துரு இல்லை, வாடை ஒட்டவில்லை, கனமில்லை. ஆனால் நாலைந்து மீனுக்குள் மழுங்கிவிடும். அதற்கு வழியாகச் சித்தப்பா ஷிப்டு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் வர ஆரம்பித்தார். பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து இழுப்பார். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். நகத்தில் பிடித்தால் சரி, வழுக்கினால் இன்னும் இழுக்க வேண்டும். தீட்டிக் கொடுத்ததும் சித்தி கொஞ்சம் மீன் வெட்டுவாள். திரும்பக் கொடுப்பாள். அவர் மறுபடி தீட்டுவார்.

ஆனி, ஆடி முழுக்க, சாயங்கால மழையோடு அப்படியே போயிற்று. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொங்கும்போது சித்தப்பா கழியால் முட்டிவிடுவார். டீக்கடையிலிருந்து எனக்கு பஜ்ஜி வாங்கித் தருவார். இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. கரண்ட் போனது, ஐஸ் லாரி வராதது, வள்ளூர்ப் பக்கம் யாருக்கோ வேலை கிடைத்தது, மில்லில் உருளை மாற்றியது. அவளுக்குச் சிரிப்பு வரும் விஷயங்களை அவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவார் என்று இப்போது தோன்றுகிறது. என் வழியாகத் தொடங்கும் பேச்சு, பாதியில் என்னை விட்டுவிட்டு நேராகப் போக ஆரம்பித்தது. எனக்கு வேலை குறைந்ததில் கொஞ்சம் வருத்தம்தான். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதினேன்.

பேச்சு எழாமல் இருக்குமா. ஒருநாள் சித்தி டீ வாங்கப் போனபோது டீக்கடைக்காரர், ஃபிட்டர் மில் வேலையை விட்டுவிட்டு மீன் கடையிலேயே ஷிப்டு மாற்றிக்கொண்டாரா என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்டவர் இல்லை. ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்களாம். சித்தி டீயை வாங்காமலே திரும்பி வந்தாள். மறுநாள் சாயங்காலம், சித்தப்பா தீட்டிக்கொண்டிருக்கையில், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"தெனைக்கும் இவ்ளோ தூரம் வந்து போறது உங்களுக்கு பேஜாருதான? தீட்ட வேண்டாத கத்தியா ஒண்ணு செஞ்சி குடுத்துடுங்க."

சித்தப்பா கல்லில் கத்தியை இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தீட்ட அதில் ஒன்றும் இல்லை. பிறகு, "சரி" என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஊர் வாய்க்குப் பயந்து அவரை வர வேண்டாம் என்று சொன்னாளா? அல்லது, எனக்கு ஒன்றும் பேஜாரு இல்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாளா? கேள்வியாகத்தான் தொடங்கினாள். அவர் கேள்வியை விட்டுவிட்டு, பின்னால் வந்த வேலையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். வேலை சொன்னால் செய்து முடிப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

அதன் பிறகு அவர் தினமும் வருவது குறைந்தது. காயலாங்கடை காயலாங்கடையாக ஏறி இறங்கினார். என்னிடமிருந்த காந்தத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஓட்டை உடைசலும் தகரமும் பேரலும் குவிந்த இடங்களில் இரும்பைப் புரட்டிக்கொண்டிருந்த அவரை, பொன்னேரிப் பக்கம் பார்த்தேன், ஊத்துக்கோட்டை ரோட்டில் பார்த்தேன் என்று ஆள் ஆளுக்கு வந்து சொன்னார்கள். கடைசியில் தின்பண்டக் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட மெஷின் பிளேடு அகப்பட்டது. எவர்சில்வர்தான், ஆனால் காந்தம் ஒட்டுகிற ஜாதி. கம்பெனியிலேயே இறுக்கி வந்தது. அதைக் காய்ச்சக் கூடாது. அரைக்கும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் இறுக்கம் போய்விடும். அதனால் ஒரு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி ஒரு இழுப்பு என்று பல ஞாயிற்றுக்கிழமைகளை அதில் போட்டார். வாடை ஏறாமல் இருக்க வெள்ளை நைலானில் பிடி கடைந்தார். பிடியை அவள் கை அளவுக்குச் செய்திருந்தார். என் கையால் பிடிக்க முயன்றபோது பெரிதாக இருந்தது, அவர் கைக்குச் சின்னதாக இருந்தது.

புரட்டாசி முடிந்து வியாபாரம் திரும்பிய ஒரு சாயங்காலம் அதைக் கொண்டுவந்தார். சித்தி அன்றைக்கு வஞ்சிரத்தின் நடுத்துண்டுகளை ஒரு கவரில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டேன், பேசாமல் இரு என்றாள். சித்தப்பா கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தார். சித்தி புதுக் கத்தியால் வெட்டத் தொடங்கினாள். பாறை, சங்கரா, ரோகு, மறுபடி ரோகு. இருட்டி, எதிர்க்கடைகளில் விளக்குப் போடும் வரை வெட்டினாள். கல் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. நடுவில் ஒருமுறை சித்தப்பா கை நீட்டி, விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்தார். பிடித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கூட்டம் குறைந்ததும், நான் வழக்கம்போலக் கேட்டேன், சித்தி, கத்தியில் என்ன குறை என்று. குறை சொன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் நான்தானே. சித்தி கத்தியைக் கழுவித் துடைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பொய் சொல்ல வராத ஜென்மம்.

"நல்லா கீது. கொறை ஒண்ணும் இல்ல" என்றாள்.

சித்தப்பா தலையை ஆட்டினார். எழுந்து நின்றார். வேறு ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி மொபெட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "அப்ப நான் வரேன்" என்றார். சித்தி கவரை என்னிடம் கொடுத்து அவரிடம் கொடுக்கச் சொன்னாள். வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டு போனார். நான் தார்ப்பாய்க்குக் கீழே சந்தோஷத்தில் குதித்தேன். சரியான இரும்பு கடைசியில் கிடைத்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஜெயித்தாகிவிட்டது. இவர்கள் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார், சாப்பிடுவார், போவார். தை பிறந்ததும், கடம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை தன் புருஷன் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். அப்பா அவரை உட்கார வைத்து, மனசில் வேறு ஏதாவது யோசனை இருக்கிறதா என்று கேட்டார். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, பதிலுக்காக நின்றாள். அவர், அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

அம்மா இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலியோடு உட்கார்ந்து பழையதைப் பேசும்போது இதற்கு வந்து சேருவாள். அப்பாவுக்கும் சம்மதம்தானாம். தம்பி வாயைத் திறந்து கேட்டால் உடனே முடித்துவிடுவதாக இருந்தாராம். அண்ணன் எடுத்துச் சொல்வார் என்று தம்பி இருந்திருக்கலாம். அம்மா தன் தங்கையிடம் ஒருமுறை ஜாடையாகக் கேட்டிருக்கிறாள், அவர் வந்துகொண்டிருந்தாரே, என்ன ஆயிற்று என்று. "கத்தி நல்லா கீதுன்னு சொன்னேங்கா. அப்புறம் வரல" என்றாளாம். இதற்கு மேல் ஒரு விதவைத் தங்கையிடம் எப்படித் தோண்டிக் கேட்பது என்று அம்மா விட்டுவிட்டாள். "ஆறுன கஞ்சி பழங்கஞ்சி ஆயிடுச்சி. யாராச்சும் ஒருத்தரு கேட்டு இருக்கலாம்" என்பாள். அந்த ஒருத்தர் தானாகவும் இருந்திருக்கலாம் என்பதை அவள் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

நிச்சயம் முடிந்த பிறகு ஒருநாள், கடையில் சித்தி ரோகு ஒன்றை வெட்டும்போது கத்தி தோலில் வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. எந்தக் கத்தியும் என்றாவது மழுங்கத்தான் செய்யும். நான் துள்ளி எழுந்தேன். சித்தப்பாவிடம் சொல்கிறேன், வந்து தீட்டித் தருவார் என்றேன். சித்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சொல்லாத. நானே தீட்டிக்கிறேன்" என்றாள்.

ஓரமாகக் கிடந்த கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். அவர் பிடிக்கிற அதே சாய்வில் பிடித்து இழுத்தாள். நகத்தில் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு நாளும் அவள் தலை குனிந்து மீன் மட்டும்தான் வெட்டிக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்திருந்தேன்.

கல்யாணம் கடம்பத்தூரில். புதுவாயலிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பெரியபாளையம், திருவள்ளூர் வழியாகப் போனோம். சித்தி வரமாட்டாள் என்று அம்மா நினைத்தாள். ஆனால் அவள் கடையை மூடிவிட்டு, விடியுமுன்னே எழுந்து, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பச்சைப் பட்டுப்புடவையில் வந்து வேனில் ஏறிவிட்டாள். மண்டபத்தில் சும்மா உட்காரவில்லை. வந்தவர்களைச் சாப்பிட அனுப்பினாள், அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டாள், தாலி கட்டும்போது பின்வரிசையில் நின்று அட்சதை போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணப்பெண் வியர்வையில் நனைந்து, மாலையின் கனத்தில் குனிந்து நின்றாள். நல்ல முகம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சித்தின்னு கூப்புடு" என்றாள் அம்மா. எனக்கு வாய் வரவில்லை. வெட்கமில்லை, குழப்பம். சித்தி ஒருத்திதானே, அவள் கீழே குழந்தையோடு நிற்கிறாளே.

"இவங்க சித்தின்னா, நம்ம சித்திய இன்னான்னு கூப்புடறது?" என்று கேட்டேன்.

சத்தமாகக் கேட்டுவிட்டேன். மேடையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேமராக்காரர்கூடச் சிரித்தார். அம்மா என் தோளைக் கிள்ளினாள். சித்தப்பா மாலையில் சிக்கியிருந்த எதையோ எடுக்கிறவர் மாதிரி குனிந்துகொண்டார். கீழே நின்ற சித்தி குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு மேடையேறி வந்தாள். என் கையைப் பிடித்து மணப்பெண்ணின் கைக்குள் வைத்தாள்.

"ரெண்டு பேரும் சித்திதான். கூப்புடு கண்ணு" என்றாள்.

நான் கூப்பிட்டேன். புதுச் சித்தி தன் கையிலிருந்த கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். அது முழங்கை வரை ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பி வரும்போது வெயில் இறங்கவில்லை. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், நான் அவள் மடியில். வேனில் எல்லோரும் என் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் இவ்வளவு பெரிய தமாஷைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து, எல்லோரும் சிரித்தார்களே, நீ மட்டும் ஏன் சித்தி சிரிக்கவில்லை என்று கேட்டேன்.

"நானும் சிரிச்சேனே. நீ பாக்கல" என்றாள்.

நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் சித்தி பொய் சொல்லமாட்டாள் என்பதால், அவ்வளவு கூட்டத்தில் அவள் சிரித்ததை எப்படியோ தவறவிட்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு, வளையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.